பிரகதி மைதான் டனல் மூடிய நாளில் நீங்கள் எங்கே மாட்டினீர்கள்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மயூர் விஹார் ஃபேஸ் 1-இலிருந்து (தொடங்கியவர்)

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. மத்திய டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப்போக வேண்டியிருந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் டாக்டரைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு 71 வயது. இருபது வருடமாகச் சர்க்கரை, இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள்.

விடியற்காலையில் கொட்டித் தீர்த்த மழை, நாங்கள் கிளம்பும்போது தூறலாகக் குறைந்திருந்தது. எங்களுக்குப் பழகிய வழி ஒன்றுதான். நிஜாமுதீன் பாலத்தில் யமுனையைக் கடந்து ரிங் ரோட்டில் திரும்பி, பிரகதி மைதான் கண்காட்சி வளாகத்துக்கு அடியில் போகும் டனலுக்குள் (சுரங்கச் சாலை) நுழைந்தால் புரானா கிலா சாலையில் வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து இந்தியா கேட் பக்கம்தான். சாதாரண நாளில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஏழு மணிக்குக் கிளம்பினோம்.

பாலத்திலேயே வண்டிகள் ஊர்ந்தன. மழை நாள், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பைரோன் மார்க் திருப்பத்தைத் தாண்டிய பிறகுதான் தூரத்தில் மஞ்சள் பேரிகேட் கண்ணில் பட்டது. மழைக்கோட்டு போட்ட ஒரு போலீஸ்காரர் எல்லோரையும் ஐடிஓ சந்திப்புப் பக்கம் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். ஐடிஓ பக்கம் ஏற்கெனவே தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

எட்டேகால் மணி இருக்கும். அதுவரை பேசிக்கொண்டே வந்த அம்மா அமைதியாகிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. வெறும் வயிற்றில் பரிசோதனை என்பதால் வண்டியில் சாப்பிட ஒன்றுமே வைத்துக்கொள்ளவில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பக்கத்து ஆட்டோவின் படுதாவைத் தட்டினேன். அந்த அண்ணன் தன் பிஸ்கட் பாக்கெட்டை அப்படியே எடுத்துக் கொடுத்தார். பின்னால் இருந்த காரில் ஓர் அம்மா, தன் குழந்தைக்கு வைத்திருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்து, தானே ஸ்ட்ராவும் போட்டு அம்மாவைக் குடிக்கவைத்தார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அம்மா கண்ணைத் திறந்து, "மழை விட்டுடுச்சா?" என்று கேட்டாள். அந்த இருவரின் பெயரும் எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. பரிசோதனை அன்று நடக்கவில்லை.

டனலை மூடியதில் எனக்கு வருத்தமில்லை. தண்ணீர் நிற்கும் இடத்தில் வண்டியை விடக் கூடாதுதான். ஆனால் மூடியிருக்கிறது என்ற செய்தி யமுனையைக் கடப்பதற்கு முன்னால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டும். அக்ஷர்தாம் பக்கத்திலேயே தெரிந்திருந்தால் வண்டியைத் திருப்பி வீட்டில் போட்டுவிட்டு மெட்ரோ ஏறியிருப்பேன். பாலத்தைத் தாண்டிய பிறகு அந்தத் தகவலை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும். எந்த நாள், எந்த வழி, எப்படி வெளியே வந்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த மழைக்கு யாருக்காவது உதவும்.

ஐபி எக்ஸ்டென்ஷனிலிருந்து (ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர்)

அம்மா நலமாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், மகளே. படித்துவிட்டுச் சற்று நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

நீங்கள் சொல்லும் அந்த நாளில் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது. டெல்லிக்கு ஜூன் மாதம் முழுவதற்குமே சராசரி 74 மி.மீ.தான். மூன்று ஜூன் மாதங்களில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் பெய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் 1936-க்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்ததில்லை. விமான நிலையத்தின் முதல் டெர்மினலில் கூரை சரிந்ததும் அதே காலையில்தான்.

என் அனுபவம் அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது. 2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. 153 மி.மீ. மழை. ஜூலையில் 1982-க்குப் பிறகு அதுவே அதிகம். ஊரிலிருந்து ரயிலில் வந்த தம்பியை நிஜாமுதீன் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு, மண்டி ஹவுஸ் பக்கம் அவன் தங்கும் இடத்தில் விடப் போனேன். மதுரா சாலையிலேயே சிக்கிக்கொண்டோம். டனல் மூடியதால் அதில் போக வேண்டிய வண்டிகளெல்லாம் மேலே வந்துவிட்டன. பைரோன் மார்க்கும் மதுரா சாலையும் திலக் மார்க்கும் சேர்ந்து நின்றுபோயின. டனல் மூடினால் டனலில் போகிறவர்கள் மட்டும் சிரமப்படுவதில்லை. அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆளும் மாட்டுவான்.

ஏன் அங்கே அவ்வளவு தண்ணீர் என்று பலர் கேட்கிறார்கள். நான் கட்டுமான வேலையில் இருந்தவன், எளிமையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சுமார் 1.3 கி.மீ. நீள டனல், பிரகதி மைதானுக்கும் ரயில் பாதைகளுக்கும் அடியில் போய் ரிங் ரோட்டில் ஏறுகிறது. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் யமுனை. நகரத்தின் மேட்டுப் பகுதிகளில் பெய்யும் மழை ஆற்றை நோக்கித்தான் சரிந்து வரும். வரும் வழியிலேயே பள்ளமாக ஒரு சுரங்கம் இருக்கிறது. உள்ளே வரும் நீரை சம்ப்பில் (அடித்தொட்டி) சேர்த்து பம்ப் வைத்து வெளியே இறைக்க வேண்டும். இறைத்த நீர் வடிகாலில் ஓடி ஆற்றில் கலக்க வேண்டும். ஆறே உயர்ந்து நின்றால் அது எங்கே போகும்? வடிகாலின் மதகை மூடாவிட்டால் ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் ஏறும். மூடினால் ஊர்த் தண்ணீர் வெளியே போகாது.

அந்த வாரம் அதுதான் நடந்தது. ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டர் தொட்டது. அபாய அளவு 205.33. நான் டெல்லிக்கு வந்த மறு வருடம், 1978-இல் வெள்ளம் வந்தது. அப்போதைய 207.49 மீட்டரை இனி யாரும் பார்க்கப் போவதில்லை என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். 2023-இல் அதையும் தாண்டியது. ரிங் ரோட்டிலேயே படகு ஓடியதைப் பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் மழை என்றால் மின்டோ பாலம்தான். கன்னாட் பிளேஸ் பக்கத்தில் ரயில் பாதைக்கு அடியில் போகும் சாலை. பஸ் ஜன்னல் வரை தண்ணீர் ஏறிய படம் ஒவ்வொரு ஆண்டும் பேப்பரில் வரும். 2020 ஜூலை 19 அன்று அங்கே ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர் மூழ்கி இறந்துபோனார். 2023 மே மாதம் பெங்களூரு கே.ஆர். சர்க்கிள் அண்டர்பாஸில் ஓர் இளம்பெண் காரோடு மூழ்கி இறந்தார். அதனால் பேரிகேட்டைத் தள்ளிவிட்டு "கொஞ்சம்தான் தண்ணீர்" என்று யாராவது நுழைந்தால் தயவுசெய்து பின்னால் போகாதீர்கள். மேலேயிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது. ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தாலே சின்ன காரைத் தூக்கிவிடும்.

ஜங்புராவிலிருந்து (டாக்சி ஓட்டுகிறேன்)

அக்கா, சார் இரண்டு பேருக்கும் வணக்கம். எனக்குத் தமிழில் எழுதிப் பழக்கம் குறைவு, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான், அப்பா விழுப்புரம் பக்கம்.

நான் டனலுக்கு உள்ளேயே மாட்டியிருக்கிறேன். மழையே இல்லாத நாள். ரிங் ரோடு பக்கம் வெளியே வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது. பின்னால் எல்லாம் நின்றது. அப்புறம் உள்ளே வரும் வழியை மூடிவிட்டார்கள். என் வண்டியில் நொய்டா போகிற ஒரு பெரியவரும் அவர் மனைவியும். டனலுக்குள் மேப் வேலை செய்யாது, புள்ளி ஓரிடத்திலேயே நிற்கும். பெரியவர் "ஏன்பா நகரவில்லை, ஏன்பா நகரவில்லை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த அம்மா ஜன்னல் வழியாகச் சுவரில் இருக்கும் படங்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஆறு பருவகாலத்தை வரைந்திருக்கிறார்கள் இல்லையா, அது. நாற்பது நிமிடம் இருக்கும்.

உள்ளே நின்றால் முதலில் இன்ஜினை அணையுங்கள். நான் அணைத்தேன், பக்கத்து வண்டிக்காரரையும் அணைக்கச் சொன்னேன். மூடிய இடத்தில் நூறு வண்டி புகை விட்டால் தலை சுற்றும். எதிர்த்திசையில் திருப்பி ஓட்ட ஒரு பைக்காரர் முயன்றார். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். அவசர வண்டி வந்தால் அந்தப் பக்கமிருந்து வரலாம்.

காசு விஷயமும் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதுவதில்லை. ஏற்றும்போதே தொகை முடிவாகிவிடுகிறது. டனல் மூடி ஐடிஓ சுற்றி ஒன்றரை மணி நேரம் அதிகமானாலும் எனக்கு வருவது பெரும்பாலும் அதே தொகைதான். அதே நேரத்தில் இரண்டு சவாரி ஓட்டியிருப்பேன். சிஎன்ஜியும் என் கையிலிருந்து. பயணி கோபப்பட்டு ரேட்டிங்கைக் குறைத்தால் அதுவும் என் தலையில். சவாரி தாமதமானால் டிரைவர் வேண்டுமென்றே சுற்றுகிறான் என்று நினைக்காதீர்கள் அக்கா. முன்னால் பேரிகேட் தெரிகிற வரைக்கும் எங்களுக்கும் தெரியாது.

கிழக்கு டெல்லியிலிருந்து வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி: மழை பலமாக இருந்தால் நிஜாமுதீன் பாலம் இறங்கியதும் டனல் பக்கம் திரும்பாமல் சராய் காலே கான் பக்கம் போய் ஆசிரமம் அல்லது லோதி ரோடு வழியாக உள்ளே வாருங்கள். தூரம் அதிகம்தான், ஆனால் ஒன்று அடைத்தால் இன்னொன்றில் திரும்பலாம். டனல் பக்கம் போய் பைரோன் மார்க் திருப்பத்தைத் தாண்டிவிட்டால் ஐடிஓவைத் தவிர வழியில்லை.

மயூர் விஹார் எக்ஸ்டென்ஷனிலிருந்து (ஆசிரியை)

டிராஃபிக் போலீஸ் எக்ஸ் தளத்தில் உடனுக்குடன் போடுகிறார்களே, பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதாதா என்று முதலில் கேட்க நினைத்தேன். பிறகு யோசித்தேன். கிளம்பும்போது திறந்திருந்து, பாலத்தில் ஏறும்போது மூடினால்? வண்டி ஓட்டுகிறவர் போனைப் பார்க்க முடியுமா?

நான் ஒரே ஒரு தடவைதான் மாட்டினேன், பள்ளி வேனில் பதினொரு குழந்தைகளோடு. வேன் ஐந்தரை மணிக்கு வர வேண்டியது எட்டு மணிக்கு வந்தது. ஒரு சின்னப் பையன் அவசரத்தில் உடையிலேயே போய்விட்டான், அழுதுகொண்டே இருந்தான். என் துப்பட்டாவை இடுப்பில் கட்டிவிட்டேன். பெற்றோர் எல்லோரும் எனக்கே போன் செய்தார்கள், என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. அன்றிலிருந்து மழை நாளில் வேன் கிளம்புவதற்கு முன் குழந்தைகளைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். பை ஒன்றில் மாற்று உடையும் பொரி உருண்டையும் இருக்கும்.

ஜி20 மாநாட்டின்போது, 2023 செப்டம்பரில், இதே பிரகதி மைதானைச் சுற்றி எத்தனையோ கட்டுப்பாடுகள். ஆனால் பல நாள் முன்பே சொல்லிவிட்டார்கள். எந்தச் சாலை, எந்த மணி, எந்த வண்டி என்று தெரிந்திருந்தது. நான் வீட்டைவிட்டுக் கிளம்பவே இல்லை, யாரும் தவிக்கவும் இல்லை. மழை எப்போது கொட்டும் என்று அவ்வளவு முன்னால் சொல்ல முடியாது, சரி. ஆனால் டனலை மூடிய அந்த நிமிடமே பாலத்துக்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒரு பலகை ஒளிரலாம் அல்லவா?

மயூர் விஹார் ஃபேஸ் 1-இலிருந்து (தொடங்கியவர்)

எல்லோருக்கும் நன்றி. சார், அம்மா நன்றாக இருக்கிறாள், நீங்கள் கேட்டதாகச் சொன்னேன். தம்பி, இன்ஜினை அணைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றியே இருக்காது. காசு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, அன்று பிஸ்கட் கொடுத்த ஆட்டோ அண்ணனுக்கும் அரை நாள் சம்பாத்தியம் போயிருக்கும் என்று இப்போதுதான் நினைத்தேன். அவரிடம் பணம் கொடுக்கப் போனபோது வாங்கவே இல்லை.

டீச்சர் சொன்ன பலகை பற்றி எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதுகிறோம். நிஜாமுதீன் பாலத்துக்கு முன்னால் ஒன்று, விகாஸ் மார்க்கில் ஐடிஓ பாலத்துக்கு முன்னால் ஒன்று. இந்தத் தேதிகளையும் மழை அளவுகளையும் அதில் சேர்க்கிறேன், சார் ஒரு முறை சரிபார்த்துத் தர வேண்டும். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள்.

விடுபட்ட பரிசோதனையை அடுத்த வாரம் முடித்துவிட்டோம். மயூர் விஹார் 1 ஸ்டேஷனில் ப்ளூ லைன் ஏறி அக்ஷர்தாம், யமுனா பேங்க், இந்திரபிரஸ்தா, சுப்ரீம் கோர்ட் தாண்டி மண்டி ஹவுஸில் இறங்கினோம். யமுனையைக் கடக்கும்போது அம்மா ஜன்னல் பக்கம் நின்று கீழே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கைப்பையில் இப்போது எப்போதும் நான்கு கடலை மிட்டாய் இருக்கிறது.

ஜங்புராவிலிருந்து (டாக்சி ஓட்டுகிறேன்)

என் கையெழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. எங்கள் ஸ்டாண்டில் இன்னும் ஆறேழு தமிழ் டிரைவர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கித் தருகிறேன்.