பருமன்வழி வண்ணப்பிரிகை: கீலோட மூலக்கூறு நிறை அளக்குற முறைக்கு ஒரு பேர்

எல்லாருக்கும் வணக்கம். மூலக்கூறுகள அது அடைச்சுக்கிற இடத்த வச்சுப் பிரிக்கிற சைஸ் எக்ஸ்க்ளூஷன் குரோமட்டோகிராஃபிக்கு 'அளவு விலக்கு வண்ணப்பிரிகை'ன்னு வந்த பரிந்துரையைப் பாத்தேன், எனக்கு அதுல உடன்பாடு இல்ல, காரணத்தை கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

'அளவு'ன்னா மழை அளவு, மருந்து அளவுன்னு எல்லாத்துக்கும் போடுற சொல்லு, எதோட அளவுன்னு தெரியாது. அதோட 'விலக்கு' சேந்தா வரிவிலக்கு, மதுவிலக்குன்னு பழகின காதுக்கு வேற அர்த்தம்தான் வரும். உள்ள நடக்குறது என்னன்னா, ஒரு குழாய் நிறைய நுண்துளை உள்ள பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகள அடைச்சு, மாதிரியைக் கரைச்சு பம்ப் வச்சுத் தள்ளுறாங்க. பெரிய மூலக்கூறு எந்தத் துளைக்குள்ளயும் நுழைய முடியாம நேரா முதல்ல வெளிய வந்துடும், சின்னது ஒவ்வொரு துளையிலயும் புகுந்து புறப்பட்டுக் கடைசியா வரும். லாரி மெயின் ரோட்டுலயே போயிடும், சைக்கிள் சந்துபொந்தெல்லாம் சுத்திட்டு வரும், அவ்வளவுதான்.

ஆக இங்க பிரியுறது எடையால இல்ல, கரைசல்ல மூலக்கூறு அடைச்சுக்கிற இடத்தால. கீல் விஷயத்துல இது ரொம்ப முக்கியம். நிலக்கரித் தாரைக் காய்ச்சி வடிச்சதுக்கு அப்புறம் மிஞ்சுற கருப்புப் பொருளத்தான் நான் கீல்ங்கிறேன் (நிலக்கீல்னு நாம தார் ரோட்டுப் பொருளச் சொல்றோம், ரெண்டையும் குழப்ப வேண்டாம்). சுத்தியலால அடிச்சா சில்லு சில்லா உடையும், அதையே புனல்ல விட்டு வச்சா ஒழுகும். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல 1927ல ஆரம்பிச்ச கீல் சொட்டு சோதனையில ஒன்பதாவது சொட்டு விழுந்தது 2014லதான்.

இப்ப அளவீட்டுக்கு வருவோம். எடை தெரிஞ்ச பாலிஸ்டைரீன் துணுக்குகள ஓட்டி, எது எத்தனை நிமிஷத்துல வருதுன்னு ஒரு கோடு போட்டு வச்சிக்கிட்டு, கீல் வர்ற நேரத்த அதுல பொருத்தித்தான் நிறையைப் படிக்கிறாங்க. ஆனா பாலிஸ்டைரீன் நீளமான சங்கிலி, கரைசல்ல சுருண்டு கிடக்கும். கீல்ல இருக்குறது ஒட்டிப் பிறந்த பென்சீன் வளையங்கள், தட்டையானது. நாலு வளையம் உள்ள பைரீனோட மூலக்கூறு நிறை 202, ஏழு வளையம் உள்ள கொரோனீனோடது 300. சுருண்ட சங்கிலியும் தட்டை மூலக்கூறும் ஒரே அளவு இடத்த அடைச்சா ஒரே நேரத்துல வரும், எடை மட்டும் வேற வேற. போதாததுக்கு டெட்ராஹைட்ரோஃபியூரான்ங்கிற கரைப்பான்ல ஓட்டினா தட்டையான மூலக்கூறு மணிகள்ல ஒட்டிக்கிட்டு தாமதமா வருது, அதனால உள்ளதவிட சின்னதா கணக்காகுது. கீலோட கனமான பகுதி அதுல கரையிறதே இல்ல, வடிகட்டில நின்னுடும், கிடைக்குற எண் கரைஞ்ச பகுதிக்கு மட்டும்தான். அதனாலதான் என்எம்பிய (என்-மெத்தில் பைரோலிடோன்) கரைப்பானா வச்சுப் பாத்தாங்க, அதுல வரைபடத்துல ரெண்டு முகடு வந்துச்சு, முன்னாடி வர்ற முகடு நிஜமாவே பெரிய மூலக்கூறா இல்ல சின்னதுங்க சேந்த திரளான்னு ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப காலம் வாதாடினாங்க.

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது பேர் எடையப் பத்தி வாக்குறுதி கொடுக்கவே கூடாதுங்கிறதுதான் என் கட்சி. நான் சொல்றது 'பருமன்வழி வண்ணப்பிரிகை'. 1967ல வேதியியலாளர் பெனுவாவோட குழு காட்டினதும் இதத்தான், உள்ளார்ந்த பாகுநிலையையும் (கரைஞ்ச பொருள் கரைசல எவ்வளவு கெட்டியாக்குதுங்கிற அளவு) மூலக்கூறு நிறையையும் பெருக்கினா வர்ற பருமன்தான் வெளிவர்ற நேரத்தத் தீர்மானிக்குது. பள்ளியில 'பருமனறி பகுப்பாய்வு' படிச்ச பிள்ளைக்கு சொல்லு புதுசும் இல்ல. வண்ணத்த எடுத்துடலாம்னு சிலர் சொல்றீங்க, தாவரவியலாளர் ஸ்வெட் இலை நிறமிகளப் பிரிச்சதுல வந்த குடும்பப் பேர் அது, பாடநூல்ல ஊறிடுச்சு, இருக்கட்டும். 1964ல வேதியியலாளர் மூர் வச்ச ஜெல் ஊடுருவல்ங்கிற பேரும் இதே முறைதான், இப்ப துளையுள்ள சிலிக்காவும் அடைக்கிறாங்க, அதனால ஜெல்லப் பிடிச்சுத் தொங்க வேண்டாம்.

வாக்கியத்துல வச்சுப் பாருங்க: "நிலக்கரிக்கீலின் என்எம்பியில் கரையும் பகுதியைப் பருமன்வழி வண்ணப்பிரிகையில் ஓட்டி, பாலிஸ்டைரீனுக்கு இணையான எடைச்சராசரி மூலக்கூறு நிறை கணக்கிடப்பட்டது." இடறாம ஓடுது. அந்த 'பாலிஸ்டைரீனுக்கு இணையான'ங்கிறத யாரும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க, அது இல்லாம அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்ல.

எலூஷனுக்குத்தான் (மூலக்கூறு கரைப்பானோட குழாய விட்டு வெளிய வர்றது) எனக்கு இன்னும் திருப்தியா ஒண்ணும் அமையல. 'வடிதல்'னா வடிகட்டுறதோட மோதுது, 'வெளிவரவு' பரவாயில்ல. வேற யாருக்காவது தோணுதா?