கலைச்சொல்: கார்டியோ-ஆன்காலஜி – "இதயப் புற்றுநோயியல்" சரிப்படுமா?

சத்துவாச்சாரியிலிருந்து, துண்டறிக்கை மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

கார்டியோ-ஆன்காலஜிக்கு "இதயப் புற்றுநோயியல்" என்று ஒரு சொல் இங்கே வந்தது. யாரும் வாய் திறக்காததால் பட்டியலில் ஏறப்போகிறது. ஏறுவதற்கு முன்னால் கையைப் பிடித்து இழுக்கிறேன்.

வயிற்றுப் புற்றுநோய், வாய்ப் புற்றுநோய், கருப்பைப் புற்றுநோய் என்று கேட்டுப் பழகிய காது இதை எப்படிப் பிரிக்கும்? இதயத்தில் வந்த புற்றுநோய் என்றுதான். இதயத்திலேயே தொடங்கும் புற்றுநோய் அரிதிலும் அரிது, இந்தத் துறையின் முக்கிய வேலையும் அது இல்லை. புற்றுநோய் உடம்பில் வேறெங்கோ இருக்கிறது. அந்த நோயோ, அதற்குத் தரும் மருந்தோ, கதிர்வீச்சோ இதயத்தைப் பதம் பார்க்கிறது. அதை முன்கூட்டியே கண்டு, முடிந்தவரை சிகிச்சை நிற்காமல் ஆளைக் காப்பாற்றுவதுதான் இவர்கள் வேலை. ஐரோப்பிய இதயவியல் சங்கமே இதற்கான முதல் வழிகாட்டி நெறிகளை 2022-இல்தான் வெளியிட்டது. இவ்வளவு இளசான துறைக்கு இப்போதே தப்பான பெயர் ஒட்டிக்கொண்டால் பிறகு உரிப்பது கஷ்டம்.

ஏட்டுச் சண்டை என்று நினைக்க வேண்டாம். நோயாளிகளுக்கான துண்டறிக்கைகளைத் தமிழாக்குவது என் பிழைப்பு. காந்தி ரோடு பக்கம் ஒரு மருந்துக் கடை வாசலில், போளூரிலிருந்து வீட்டுக்காரரை அழைத்து வந்த ஒரு அம்மா கையில் எக்கோ சீட்டை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி. அறுவைக்கு முன் இதயத்தையும் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்த சீட்டு அது. அந்த அம்மா கேட்டது: "கட்டி தலையிலன்னுதானே சொன்னாங்க, நெஞ்சுக்கும் எறங்கிடுச்சா சார்?"

ஒரு எக்கோ சீட்டுக்கே இந்தக் கலக்கம். கதவுக்கு மேல் "இதயப் புற்றுநோயியல் பிரிவு" என்று பலகை மாட்டினால் அவர் உள்ளேயே போகமாட்டார்.

என் முன்மொழிவு: புற்றுசார் இதயவியல். இதயவியல் தலைச்சொல்லாக நிற்கும், புற்று அதற்கு அடையாக வரும். போட்டுப் பந்தாடுங்கள்.

ஆரணியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ஐயா சொன்ன காரணம் சரி, சொல்தான் சரியில்லை. நம் பக்கத்தில் ஆடி மாதம் புற்றுக்குப் பால் வார்க்காத ஊர் உண்டா? "புற்று" என்று தனியாக விட்டால் பாம்புதான் வரும். "புற்றுநோய்சார்" என்று முழுதாக எழுதுங்கள். இரண்டு எழுத்தில் என்ன மிச்சம் பிடிக்கப் போகிறோம்?

இன்னொன்று. சொல் நீண்டுவிட்டது, பேசாமல் ஆங்கிலத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது கிளம்புவீர்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். அறுவை மருத்துவத்துக்கு "இரண வைத்தியம்" என்று நூலே கொண்டுவந்தார். வேலூர்க்காரர்களுக்கு இது தூரத்துக் கதையும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் ஜான் ஸ்கடர் முதலில் வைத்தியம் பார்த்தது அதே யாழ்ப்பாணத்தில், பண்டத்தரிப்பில். கிரீன் அதே அமெரிக்க மிஷனுக்குப் பின்னால் வந்தவர். அவர்கள் அன்றைக்கு முடியாது என்று உட்கார்ந்துவிடவில்லை.

காட்பாடியிலிருந்து, இதய மருத்துவர்:

நான் இந்தக் குழுவில் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இந்த இழையில் ஒரு கை வைக்கிறேன், ஏனென்றால் இரண்டு பேரும் "இதயம்" என்ற பாதியைக் கேள்வி கேட்காமல் விட்டுவிட்டீர்கள்.

மார்பகப் புற்றுநோயை வைத்துப் பார்த்தால் இதயம் என்பது பொருந்தும். டாக்சோரூபிசின் என்ற சிவப்பு மருந்து உடம்பில் ஏறிய மொத்த அளவு கூடக்கூட இதயத் தசை பலவீனமாகும். டிராஸ்டுசுமாப் வேறு விதம். அதில் இதயத்தின் இறைக்கும் திறன் குறைந்தாலும், மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால்தான் அவ்வப்போது எக்கோ எடுக்கிறோம்.

மூளைப் புற்றுநோயில் கதையே வேறு. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி வேகமாக வளர்கிறது, ஆக்சிஜன் போதவில்லை, வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து புதுப்புது ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அந்தக் குழாய்கள் மேஸ்திரி இல்லாமல் செய்த பைப் வேலை மாதிரி: கோணல், ஒரு பக்கம் வீக்கம், எல்லா மூட்டிலும் கசிவு. கசிந்த நீர் மூளையில் தேங்கி வீக்கமாகிறது. வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் தருகிறோம், அது சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றுகிறது. வி.இ.ஜி.எஃப்.பையே கட்டிப்போட பெவாசிசுமாப் தந்தால் அதற்கும் பிரஷர் ஏறுகிறது, ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. அந்த மருந்துக்கு, கட்டி திரும்ப வந்தவர்களுக்கென்று அமெரிக்காவில் 2009-இல் அனுமதி கிடைத்தது. தொடக்கத்திலேயே கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-இல் வந்தன. கட்டி மறுபடி வளர்வது தள்ளிப்போனது, ஆனால் மொத்த ஆயுள் கூடவில்லை.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது கால் வீக்கம். இந்தக் கட்டி உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்காவது நோயின் போக்கில் ஏதோ ஒரு கட்டத்தில் சிரைகளில் ரத்தம் உறைகிறது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, அழுத்தினால் வலிக்கும். உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே உலை. உறைவைத் தடுக்க மருந்து கொடுக்கலாம், ஆனால் தலைக்குள் கசிவு வந்தால்? போதாக்குறைக்கு, வலிப்புக்காக ஃபெனிடாயின் சாப்பிடுகிறவராக இருந்தால், புதுவகை உறைவெதிர்ப்பு மாத்திரைகளை அது ரத்தத்தில் நிற்கவிடாது. இதே மூளைக் கட்டிக்கென்று 2005-இல் வந்த ஆய்வில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 12.1 மாதம், டெமோசோலமைட் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். பாடுபட்டுச் சேர்த்த அந்த இரண்டரை மாதத்தை ஒரு கால் வீக்கம் கொண்டுபோய்விடக் கூடாது.

இதில் எங்கே இதயத் தசை வருகிறது? எல்லாமே குழாய், அழுத்தம், உறைவு. மூளைப் புற்றுநோயாளிக்குப் பொருந்தாத பெயர் பாதித் துறைக்குத்தான் பெயர்.

அப்புறம், போக்குவரத்து ஒருவழியும் இல்லை. ராகேஷ் ஜெயின் என்று ஒருவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு பாஸ்டனில் புற்றுநோய் ஆய்வு செய்பவர். கட்டியின் ரத்தக்குழாய்களை அழிப்பதைவிடக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால் மருந்து உள்ளே நன்றாகப் போகும் என்று 2001-இல் வாதிட்டார். ரத்தக் கொதிப்புக்கு நாங்கள் தினமும் எழுதும் லோசார்டன், எலிகளின் கட்டிகளில் நசுங்கிக் கிடந்த குழாய்களை விரித்துக் கொடுத்ததை அவருடைய ஆய்வகம் காட்டியது. இதயத்துக்கான மருந்து புற்றுநோய்க்குப் போகிறது, புற்றுநோய் மருந்தால் இதயத்துக்கு வேலை வருகிறது. பக்கவிளைவு பார்க்கும் துறை என்று மட்டும் ஒலிக்கும் சொல்லும் எனக்கு ஒப்பவில்லை.

சத்துவாச்சாரியிலிருந்து, மறுபடியும்:

டாக்டர், கால் வீக்கம் பற்றி எழுதியதை அப்படியே துண்டறிக்கையில் போட அனுமதி வேண்டும். "ஒரு பக்கக் கெண்டைக்கால்" என்று எந்தத் தமிழ் அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. "கீழ்மூட்டுச் சிரைக்குருதி உறைவு" என்றுதான் போடுகிறார்கள். படித்துவிட்டு எந்தக் காலைத் தொட்டுப் பார்ப்பது?

சரி, சொல்லுக்கு வருவோம். குழாயும் உள்ளே வர வேண்டும் என்றால் என்னென்ன இருக்கிறது?

"குருதியோட்டவியல்" முதலில் நாவுக்கு வந்தது, கேட்கவும் அழகு. ஆனால் ஹீமட்டாலஜிக்குக் குருதியியல் என்று ஏற்கெனவே புழங்குகிறது. புற்றுநோய் மருத்துவமனையில் ரத்தப் புற்றுநோய் பார்ப்பவர்களும் அவர்கள்தான். இரண்டு பலகையும் அடுத்தடுத்த கதவில் இருந்தால் பாதிப் பேர் தப்பான வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். தள்ளுபடி.

"இதயநாளவியல்" என்றால், நாளம் என்றதும் பள்ளிப் பிள்ளைகள் நாளமில்லாச் சுரப்பிக்குப் போய்விடுவார்கள். அங்கே நாளம் என்பது சுரப்பியின் வடிகுழாய், இங்கே ரத்தக்குழாய். ஒரே சொல்லை இரண்டு இடத்தில் கட்டிவைக்க எனக்கு மனமில்லை.

"இதயக்குழலிய நோய்" என்று தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்கெனவே எழுதுகிறார்கள். மூச்சுக்குழல், உணவுக்குழல் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆகவே குழல் புதிதில்லை, கூந்தலோ புல்லாங்குழலோ என்று யாரும் மயங்கவும் மாட்டார்கள்.

எனவே புற்றுநோய்சார் இதயக்குழலியல். ஆசிரியர் ஐயா கேட்ட முழுப் புற்றுநோய், டாக்டர் கேட்ட குழாய், இரண்டும் உள்ளே. "சார்" என்பது எதனால் எது என்று சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் வைக்கிறது, அதனால் இருவழிப் போக்குவரத்துக்கும் இடம் கொடுக்கும்.

ஆனால் இது புத்தகத்துக்கு, ஆய்வுக் கட்டுரைக்கு. போளூர் அம்மா பார்க்கும் கதவுக்கு இதைப் போடமாட்டேன். அங்கே "புற்றுநோயாளர் இதய, ரத்தக்குழாய்ப் பிரிவு". நோயாளர் என்று ஆளைச் சொல்லிவிட்டால் இதயத்தில் புற்று என்ற பயம் எழாது. கலைச்சொல்லும் பலகைச்சொல்லும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று ஏன் அடம்பிடிக்கிறோம் என்றே எனக்குப் புரியவில்லை. இந்தியாவிலேயே முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கிய ஊர் இது. அந்தத் துறையை ஊர் ஜனம் இன்றைக்கும் "தலை ஆபரேஷன் பண்ற இடம்" என்றுதான் கேட்டுப் போகிறது, சரியாகப் போய்ச் சேரவும் செய்கிறது.

காட்பாடி மருத்துவர்:

கெண்டைக்கால் வரியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே "திடீர் மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரவும்" என்பதையும் சேருங்கள், கொட்டை எழுத்தில். இதயக்குழலியல் எனக்குச் சம்மதம்.

ஆரணி ஆசிரியர்:

எனக்கும் சம்மதம், ஒரு நிபந்தனையோடு. ரகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது. இரத்தக்குழாய் என்று எழுதுங்கள்.

சத்துவாச்சாரி:

பலகையில் ஓர் "இ"க்கு இடம் இருக்கிறது ஐயா, போட்டுவிடலாம். துண்டறிக்கையில் ரத்தம்தான், அங்கே விட்டுவிடுங்கள். அடுத்த இழை: மூளைக்குள் மருந்தை விடாமல் தடுக்கும் அந்தச் சுவருக்கு "குருதி-மூளைத் தடுப்பு" என்று ஒருவர் அனுப்பியிருக்கிறார். தடுப்பா, தடையா, அரணா? வேலூர்க்காரன் என்பதால் என் வாக்கு அரணுக்கு.