நீடாமங்கலம் மில் கணக்கும் வாடகைக் கம்ப்யூட்டரும்

குழு: வெண்ணாற்றங்கரை வீடு
ஞாயிறு, காலை 7:12

மில் பெரியப்பா: நேற்று ராத்திரி இடியில் மில் கம்ப்யூட்டர் போய்விட்டது. ஆள் வந்து பார்த்தார். ஹார்டு டிஸ்க் இனி எழுந்திருக்காது என்கிறார். மூன்று வருஷ நெல் வரவு, தவிடு விற்றது, யார் யாரிடம் எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில்தான்.

குடந்தை அத்தை: ஐயோ அண்ணா, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே?

மில் பெரியப்பா: ஆளுக்கு ஒன்றும் இல்லை. யுபிஎஸ் கருகிவிட்டது.

மன்னார்குடி சித்தப்பா: கஜாவில் கூரை பறந்து நோட்டெல்லாம் ஊறிப்போனபோது, இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொன்னது யார்?

ராஜா அண்ணன்: நான்தான் சித்தப்பா. 2018 நவம்பரில் சொன்னதை இன்னும் விடவில்லை நீங்கள்.

நான்: பெரியப்பா, பென் டிரைவில் நகல் இருக்கிறதா?

மில் பெரியப்பா: இருந்தது பாப்பா. கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தோம்.

ராஜா அண்ணன்: அதுவும் சேர்ந்தே போய்விட்டது.

நான்: சரி, அந்த டிஸ்க்கை இனி யாரும் ஆன் செய்து பார்க்க வேண்டாம். அப்படியே கழற்றி எடுத்து வையுங்கள், சென்னையில் மீட்டுத் தருபவர்களிடம் காட்டலாம். தாக்கல் செய்த விவரம் ஆடிட்டரிடம் இருக்கும், அதை வைத்துப் பாதியாவது தேற்றலாம். ஜிஎஸ்டி கணக்கைச் சும்மா விடவும் முடியாது. அந்தந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

மில் பெரியப்பா: ஆளாளுக்குக் கிளவுட், கிளவுட் என்கிறார்களே. அதில் போட்டிருந்தால் தப்பித்திருக்குமா? முதலில் அது யார் வீட்டில் இருக்கிறது?

நான்: பெரியப்பா, சம்பா அறுப்புக்கு நாம் மிஷின் வாங்கியா வைத்திருக்கிறோம்? வயலில் ஈரமென்றால் செயின் வண்டியைக் கூப்பிடுகிறோம், மணிக்கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிறோம், வண்டி போய்விடுகிறது. டீசல், டிரைவர், பெல்ட் அறுந்தால் ரிப்பேர், எல்லாம் வண்டிக்காரர் பாடு. கிளவுடும் அப்படித்தான். பெரிய பெரிய கட்டடங்களில் கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்து, நமக்கு வேண்டிய அளவை மட்டும் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு விடுகிறார்கள். அமேசான் 2006இல் இதைத் தனித் தொழிலாகவே தொடங்கியது. வானத்தில் ஒன்றும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015இல் புனே, சென்னை, மும்பையில் இந்த மாதிரிக் கட்டடங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பைக்கு வந்தது.

மன்னார்குடி சித்தப்பா: அறுப்பு சமயத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டும். கிடைக்காது, வாடகையும் ஏறும். மழை வேறு மிரட்டும். அங்கேயும் அதே கதைதானா?

நான்: சித்தப்பா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஒரு ஊரில் அறுப்பு முடிந்து இன்னொரு ஊரில் தொடங்குவதால்தான் அந்த வண்டிக்காரர் பிழைக்கிறார். கிளவுடின் கணக்கும் அதுவே. எல்லாருடைய வியாபாரத்துக்கும் ஒரே நாளில் கூட்டம் வருவதில்லை. அத்தைக்குத் தீபாவளி, இன்னொருவருக்கு மார்ச் கணக்கு முடிப்பு. ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

குடந்தை அத்தை: தீபாவளியை ஏண்டி ஞாபகப்படுத்துகிறாய். நாலு நாள் முன்னால் பலகார வெப்சைட் படுத்துவிட்டது. கைமுறுக்கு ஆர்டர் முழுக்கப் போனில் எழுதி எடுத்தேன். ஒரு அம்மா இரண்டு தடவை பணம் கட்டிவிட்டு நான் ஏமாற்றிவிட்டதாக இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான்: உங்கள் சைட் ஒரே அளவில் கட்டிப்போட்ட சின்ன சர்வரில் ஓடுகிறது அத்தை. இழுத்துச் சுருக்கக்கூடிய இடத்துக்கு மாற்றினால் அந்த ஒரு வாரம் மட்டும் கூட்டிக்கொள்ளலாம், தீபாவளி முடிந்ததும் இறக்கிவிடலாம். பொங்கல் வரைக்கும் பெரிய வாடகை கட்ட வேண்டியதில்லை.

குடந்தை அத்தை: அதெல்லாம் நான் படித்து முடிக்கிறதற்குள் அடுத்த தீபாவளி வந்துவிடும்.

நான்: படிக்கவே வேண்டாம். கல்யாணத்துக்கு வெறும் மண்டபம் மட்டும் எடுக்கலாம். அடுப்பு, பாத்திரத்தோடும் எடுக்கலாம். சாப்பாட்டு காண்ட்ராக்ட் உட்பட மொத்தமாகவும் பேசலாம். ஜிமெயில் அந்த மூன்றாவது வகை, போய் உட்கார்ந்தால் இலை விழும். உங்களுக்கும் கடை நடத்தத் தயாராகக் கிடைக்கும் சேவை போதும். வெறும் மண்டபம் என்னை மாதிரி ஆட்களுக்கு.

ராஜா அண்ணன்: வெறும் மண்டபம் எடுத்தவர்கள் விளக்கை அணைக்க மறந்தால் அவ்வளவுதான். என் கூட்டாளி ஒருத்தன் சோதனைக்குக் கிளவுடில் ஒரு கம்ப்யூட்டரை ஓடவிட்டு ஒரு மாதம் மறந்துவிட்டான். விவசாய மோட்டார் மாதிரி இலவச கரண்ட் என்று நினைத்தான் போலிருக்கிறது. பில்லைப் பார்த்து அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நான்: செலவு இந்தத் தொகையைத் தொட்டால் எனக்குச் சொல் என்று முதல் நாளே எச்சரிக்கை போட்டு வைக்கலாம் அண்ணா. பாதிப்பேர் அதைப் போடுவதில்லை.

மில் பெரியப்பா: எனக்கு ஒரு சந்தேகம். அங்கே இடி விழாதா?

நான்: விழும் பெரியப்பா, தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத்தின் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. வேறு ஊரில் நகல் வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள், நகலும் அங்கேயே இருந்தவர்களுக்குப் போனது போனதுதான்.

மன்னார்குடி சித்தப்பா: அண்ணன் பென் டிரைவைச் செருகி வைத்த மாதிரி.

மில் பெரியப்பா: போதும்டா.

ராஜா அண்ணன்: அப்பா, புது கம்ப்யூட்டரில், கணக்கு எழுதுகிற டாலி சாஃப்ட்வேரின் ஃபோல்டரை அப்படியே கூகுள் டிரைவில் போட்டுவிட்டால்?

நான்: அது மட்டும் வேண்டாம் அண்ணா. டாலியில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவும் அந்த ஃபைலைப் பிடித்து இழுத்தால் கணக்கு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. டிரைவ் ஒத்திசைவு வேறு, நகல் வேறு. இங்கே தவறி ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பையில் 30 நாள் கிடக்கும், அதற்குள் யாராவது கவனித்தால் உண்டு. அதனால் வழக்கம்போல மில் கம்ப்யூட்டரிலேயே எழுதட்டும். நம் ஊரில் லைன் எப்போது போகும் என்று தெரியாது, நெட் இல்லை என்பதற்காக நெல்லோடு வந்து நிற்கிற வண்டியைக் காக்க வைக்க முடியுமா? சாயங்காலம் கடை கட்டும்போது டாலியிலேயே பேக்கப் எடுத்து, தேதி போட்டு, டிரைவில் ஏற்றுங்கள். இலவசமாகவே 15 ஜிபி இருக்கிறது, மில் கணக்குக்குத் தாராளம். வாரம் ஒருமுறை ஒரு டிஸ்க்கிலும் எடுத்து, அதை வீட்டுப் பீரோவில் வையுங்கள். மில்லில் வேண்டாம்.

மில் பெரியப்பா: இவ்வளவுதானா?

நான்: இன்னொன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். மில்லின் மெயில் ஐடி யார் நம்பரில் இருக்கிறது?

மில் பெரியப்பா: பழைய கணக்குப்பிள்ளை நம்பரில். அவர்தான் போட்டுக்கொடுத்தார். இப்போது திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார்.

மன்னார்குடி சித்தப்பா: பத்தாயத்து நெல் நம்முடையது, சாவி திருப்பூரில்.

நான்: அதேதான் சித்தப்பா. பெரியப்பா, உங்கள் நம்பரில் புதிதாக ஒரு ஐடி போடுவோம். கணக்கு எழுதும் பையனுக்குத் தனி ஐடி, அவன் வேலையை விட்டுப் போனால் அதை மட்டும் நிறுத்திவிடலாம். ராஜா அண்ணன் பக்கத்தில்தானே இருக்கிறார், இப்போதே போடுங்கள்.

ராஜா அண்ணன்: போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா, உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும் பாருங்கள். நான் திண்ணையில் இருக்கிறேன்.

மில் பெரியப்பா: 408315 என்று வந்திருக்கிறது.

நான்: பெரியப்பா!!!

குடந்தை அத்தை: அண்ணா, குரூப்பில் போடாதீர்கள்!

ராஜா அண்ணன்: அப்பா, உள்ளே வந்து வாயால் சொல்லக் கூடாதா? 23 பேர் இருக்கிற குரூப்.

மில் பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மன்னார்குடி சித்தப்பா: நான் அதற்குள் படித்துவிட்டேன்.

மில் பெரியப்பா: இன்னொன்று வந்திருக்கிறது. இதைச் சொல்ல மாட்டேன்.