பழைய வண்டிக்குப் புது எஞ்சின்: தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் சாமான் தேடிய அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

எஞ்சின் எங்கே கிடைக்கும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எஞ்சின் கிடைத்துவிடும். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் இருக்கும். அதைப் பழைய வண்டிக்குள் உட்கார வைக்கும் சாமான்களில்தான் காசும் காலமும் போகிறது. மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு), ஷாஃப்ட், பெட்ரோல் பம்ப், ஒயரிங் இவற்றுக்கெல்லாம் வழி தெரிந்த பிறகு எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுத்தால் போதும். என் அனுபவத்தை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி அப்பா வாங்கியது. பொள்ளாச்சிச் சந்தைக்கும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கும் எங்கள் குடும்பம் அதில்தான் போய் வந்தது. அதன் 1089 சிசி எஞ்சினில் உடலான பிளாக்கே விரிசல் விட்டுவிட்டது. மாருதி ஜிப்சி கிங்கில் வந்த 1298 சிசி எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோலைச் செலுத்தும்) எஞ்சினைத் தேர்ந்தெடுத்தேன். எஸ்டீமிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் இருக்கிறது, ஆனால் அது குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டும். ஜிப்சியில் நெடுக்குவாட்டில் இருக்கும், 5 கியர் பாக்ஸும் கூடவே வரும், பின்சக்கரத்துக்கு ஷாஃப்ட் போட வழி இருக்கும். பழைய எஞ்சினைப் போல ஏறக்குறைய இரு மடங்கு சக்தி. வண்டியை ரோட்டில் ஓட்டுவதில்லை. தோப்புக்குள் ஓடும், இல்லையென்றால் லாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டு போவோம்.

முதலில் மவுண்ட். பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியும் அடிப்பாகமும் ஒரே தகரக் கூடு. பட்டறைக்காரர் வெல்டிங் மெஷினைத் தொடவே இல்லை. சின்னச் சுத்தியலால் முன்பக்கத்து நெடுஞ்சட்டத்தை ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்ட இடங்களில் சாக்பீஸால் கோடு போட்டார். ஓரிடத்தில் சத்தம் மந்தமாகக் கேட்டதும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், அது பெயின்டோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது. அந்தப் பகுதியை முழுசாக அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்த பிறகே மவுண்ட் வேலை ஆரம்பித்தது. மவுண்ட் பிராக்கெட்டை நேரே தகரத்தில் வெல்டு செய்தால் எஞ்சின் ஆட்டத்தில் ஓரம் கிழிந்துகொண்டு வரும். அதனால் கீழே அகலமான தகடு வைத்து, பாரம் பரவும்படி செய்து, அதன்மேல் பிராக்கெட் வைத்தார்கள். ரப்பர் மட்டும் ஜிப்சிக்கு வருகிற அதே ரெடிமேட் ரப்பர். பந்தயத்துக்கென்று பாலியூரிதேன் மவுண்ட் விற்கிறார்கள், கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதிர்வு முழுவதையும் பாடிக்கு அனுப்பிவிடும், பழைய தகரம் அதைத் தாங்காது.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று. ஜிப்சியில் கியர் பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட், சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகும், ஸ்பீடோமீட்டர் கேபிள் அந்த டிரான்ஸ்ஃபர் கேஸில்தான் மாட்டியிருக்கும். பத்மினிக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் தேவையில்லை. அதை விட்டுவிட்டால் ஸ்பீடோமீட்டருக்கு வழியே இல்லை! கடைசியில் ஜி.பி.எஸ். மீட்டர் வாங்கிப் பழைய டயலுக்குப் பக்கத்தில் வைத்தோம். கியர் லீவர் ஸ்டியரிங்கிலிருந்து தரைக்கு வந்துவிட்டதால் நடுத் தரையை அறுக்க வேண்டியிருந்தது, முன்னால் இருந்த ஒற்றை நீளச் சீட்டும் போயிற்று. அம்மாவுக்கு அதில் இன்னும் வருத்தம்.

கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் முன்முனை ஜிப்சி ஃபிளாஞ்ச் (போல்ட் போடும் தட்டு), பின்முனை பத்மினி ஃபிளாஞ்ச். குழாயை அறுத்து அளவுக்கு ஒட்ட வேண்டும். ஒரு பட்டறையில் ஒட்டி வாங்கிய ஷாஃப்ட் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் வண்டியையே உலுக்கியது. பேலன்சிங் சரியில்லை என்று அவர்கள் திரும்பத் திரும்ப எடைத்துண்டு ஒட்டினார்கள். வேறொரு பெரியவர் ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்திப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார்: இரண்டு முனையிலும் கவை போல இருக்கும் யோக்குகள் ஒரே தளத்தில் இல்லை, ஒன்று திரும்பியிருக்கிறது. அந்தக் கோளாறை எந்த பேலன்சிங்கும் சரிசெய்யாது. அறுத்து, நேர்வைத்து, மறுபடி ஒட்டி, அதற்குப் பிறகு பேலன்ஸ் பார்த்தார். சரியாகிவிட்டது. கியர் பாக்ஸ் சாய்மானமும் பின் ஆக்ஸில் மூக்கின் சாய்மானமும் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் அவரே அளந்து காட்டினார்.

பிரேக்கைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு இரட்டைச் சக்தி எஞ்சினை யாரும் ஓட்டக்கூடாது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

கோவை கணபதியிலிருந்து

அண்ணா, வணக்கம்ங்க. எஞ்சினோடு அதன் கியர் பாக்ஸையும் சேர்த்து எடுத்தீர்கள் பாருங்கள், பாதித் தலைவலி அங்கேயே தீர்ந்தது. நான் லேத் வேலை. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வண்டி எஞ்சினையும் இன்னொரு வண்டி கியர் பாக்ஸையும் கொண்டு வந்து, நடுவில் இரண்டையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் போட்டுக் கொடுங்கள் என்கிறார்கள்.

பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒருவர் தபாலில் வாங்கிய ரெடிமேட் பிளேட்டோடு வந்தார். லேசரில் வெட்டியது, பார்க்க அழகு. போல்ட் ஓட்டைகள் எல்லாம் கச்சிதமாகச் சேர்ந்தன. இடம் பிசகாமல் நிறுத்தும் முளையான டவல் பின்னுக்கு மட்டும் ஓட்டையே இல்லை! போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். எஞ்சின் கிராங்க்கும் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே மையத்தில் நிற்க டவல் பின்தான் வேண்டும். போல்ட் ஓட்டையில் எப்போதும் கொஞ்சம் தளர்வு இருக்கும், அந்தத் தளர்வு போதும் மையம் விலக.

கிராங்க்கோடு சுற்றும் ஃபிளைவீலில், நுண்ணிய அசைவையும் முள்ளில் காட்டும் டயல் கேஜை நிறுத்தி, அதன் முனை கியர் பாக்ஸின் முன் கூடான பெல் ஹவுசிங்கின் நடு வட்டத்தைத் தொடும்படி வைத்து, கிராங்க்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் மொத்தமாக அசைவது 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அவர் பிளேட்டில் அதைப் போல மூன்று மடங்கு ஓடியது. அப்படியே மாட்டியிருந்தால் வண்டி ஓடியிருக்கும்ங்க. கொஞ்ச நாளில் கியர் பாக்ஸ் முன் சீல் ஒழுகும், கியர் தானாக வெளியே விழும், கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி விரிசல் விடும். எதனால் என்று கண்டுபிடிக்கவும் முடியாது, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

பிளேட்டின் தடிமனையும் மறக்காதீர்கள். 12 மில்லிமீட்டர் பிளேட் வைத்தால் கியர் பாக்ஸ் 12 மில்லிமீட்டர் பின்னால் போய்விடும். இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்க் முனையில் இருக்கும் பைலட் பேரிங்குக்குள் போதுமான அளவு நுழையாது. அதற்கு நீளமான புஷ் கடைய வேண்டும். கிளட்ச் ரிலீஸ் பேரிங்கின் தூரமும் மாறும். கிளட்ச் பிளேட் வாங்கும்போது நடு ஸ்ப்லைன் (பல் வெட்டு) கியர் பாக்ஸுக்கும், வெளி வட்டம் ஃபிளைவீலுக்கும் பொருந்த வேண்டும்.

அமெரிக்காவில் செவர்லே எல்.எஸ். எஞ்சினைப் பழைய கார்களில் போடுவதற்கென்றே சம்ப் (ஆயில் தொட்டி), மவுண்ட் எல்லாம் ஹாலி போன்ற கம்பெனிகள் பெட்டியில் போட்டு விற்கின்றன. ஃபோர்டின் 5 லிட்டர் கொயோட்டி எஞ்சினுக்கு ஈ.சி.எம்.மையும் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) ஒயரிங்கையும் ஃபோர்டே செட்டாகக் கொடுக்கிறது. ஒரே மாதிரி எஞ்சின் லட்சக்கணக்கில் வந்ததால் அங்கே அது கட்டுப்படியாகிறது. இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு ஜோடி. அதனால் லேத்தில்தான் ஆக வேண்டும், அளவு எடுக்கிற ஆளை நம்பித்தான் ஆக வேண்டும். டயல் கேஜ் இல்லாத பட்டறையில் அடாப்டர் பிளேட் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஆனைமலையிலிருந்து

என்னுடையது 970 சிசி எஞ்சினோடு வந்த பழைய ஜிப்சி. அதே கம்பெனியின் எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிப் போட்டது. எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது பெட்ரோல் லைன்.

கார்புரேட்டர் வண்டியில் எஞ்சினோடு ஓடுகிற பம்ப் கொடுக்கும் அழுத்தம் மிகக் குறைவு. எம்.பி.எஃப்.ஐ.க்கு ஏறக்குறைய 3 பார் (அழுத்த அளவு) வேண்டும், பத்து மடங்குக்கும் அதிகம். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது. கடையில் ஹோஸ் கேட்டால் கையில் கிடைத்ததை வெட்டிக் கொடுப்பார்கள். ஹோஸின் மேலேயே எழுத்து இருக்கும், இன்ஜெக்‌ஷன் ஹோஸுக்கான 30ஆர்9 என்று அச்சடித்ததைப் பார்த்து வாங்குங்கள். கிளாம்ப்பும் உருண்டை ஓரம் வைத்த இன்ஜெக்‌ஷன் கிளாம்ப்பாக இருக்கட்டும், பல் வைத்த சாதாரணக் கிளாம்ப் ஹோஸை அறுத்துவிடும். சூடான சைலன்சர் பக்கத்தில் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பம்ப்பை டேங்க்குக்கு வெளியே மாட்டினோம். சமவெளியில் ஒரு குறையும் இல்லை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. கால் டேங்க் பெட்ரோலோடு ஏறினால் ஒவ்வொரு வளைவிலும் எஞ்சின் திணறும், நிமிர்ந்ததும் சரியாகிவிடும். பழைய டேங்க்குக்குள் தடுப்புத் தகடு போதாது, வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிட, பம்ப் காற்றை இழுக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளும் சின்ன சர்ஜ் டேங்க் வைத்தோம். குறைந்த அழுத்தப் பம்ப் ஒன்று அதை எப்போதும் நிரப்பிக்கொண்டே இருக்கும், பெரிய பம்ப் அதிலிருந்து எடுக்கும். அதன் பிறகு மளுக்கப்பாறை தாண்டி அதிரப்பள்ளி வரை காட்டு வழியில் போய் வந்தேன், ஒரு திணறல் இல்லை.

கம்பத்திலிருந்து

அண்ணே, நான் ஜீப் ஓட்டுகிறவன். கம்பம்மெட்டு வழியாக ஏலத் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போவது தொழில். எங்கள் பக்கம் பழைய மஹிந்திரா ஜீப்பில் பியூஜோ வழி வந்த 2112 சிசி எக்ஸ்.டி.பி. எஞ்சினை எடுத்துவிட்டு, மஹிந்திரா பொலிரோவில் வந்த 2523 சிசி டி.ஐ. எஞ்சின் போட்டவர்கள் உண்டு. ஈ.சி.எம். கிடையாது, சென்சார் கிடையாது, மழையிலும் சேற்றிலும் நிற்காது. இழுவை கூடுவதால் கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

நான் சொல்ல வந்தது வேறு. எஞ்சின் மாற்றிய ஜீப் ஒன்று மலைமேல் ஃபேன் பெல்ட் அறுந்து நின்றது. பத்துப் பதினைந்து பெண்கள், பனி இறங்குகிற நேரம். டிரைவர் இன்னொரு வண்டியில் கட்டப்பனை போய்க் கடையில் பெல்ட் கேட்டிருக்கிறார். கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: “எந்த வண்டிக்கு?” ஜீப் என்றால் ஒரு நீளம், பொலிரோ என்றால் ஒரு நீளம். அந்த வண்டியில் ஆல்டர்னேட்டரை வேறு இடத்தில் தூக்கி வைத்திருந்ததால் இரண்டுமே சேரவில்லை. வேலை செய்த மெக்கானிக்கோ ஊரில் இல்லை.

அதிலிருந்து நான் வேலை முடிந்த எந்த வண்டியையும் பட்டறையிலிருந்து எடுக்கும்போது ஒரு தாள் எழுதி வாங்கிவிடுவேன். பெல்ட் நம்பர், ரேடியேட்டர் ஹோஸ் எந்த வண்டியுடையது, ஷாஃப்ட் முனையின் யூ.ஜே. கிராஸ் (சிலுவை மூட்டு) எது, கிளட்ச் பிளேட் எது, ஆயில் ஃபில்டர் எது. டேஷ்போர்டில் ஒன்று, வீட்டில் ஒன்று. கூடுமானவரை கடையில் பெயர் சொன்னால் கிடைக்கிற சாமானையே போடச் சொல்லுங்கள். கடைந்து செய்த சாமான் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது போனால் கடைந்தவரைத்தான் தேட வேண்டும்.

இன்னொன்று: 2018 கேரள வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் எஞ்சின்கள் எங்கெங்கோ போயிருக்கின்றன. வெளியே கழுவித் துடைத்திருப்பார்கள். ஒயரிங் கனெக்டரைப் பிரித்து உள்ளே பாருங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தாலோ மண் படிந்திருந்தாலோ வாங்காதீர்கள். புது மாடல் எஞ்சின் என்றால் ஈ.சி.எம்., சாவி, இம்மொபிலைசர் (வேறு சாவிக்கு எஞ்சினைக் கிளம்ப விடாத பூட்டு) மூன்றும் ஒரே வண்டியுடையதாகக் கேட்டு வாங்குங்கள்.

பாலக்காட்டிலிருந்து

எல்லாம் சரி, ஆர்.சி. புத்தகத்தையும் பேசுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. எரிபொருள் மாற்றத்துக்கு, அதாவது கேஸ், பேட்டரி போன்றவற்றுக்கு, அங்கீகாரம் பெற்ற கிட்டைப் பொருத்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேறு கம்பெனி எஞ்சினைப் போட்டு ரோட்டில் ஓட்டுவதற்கு அப்படி இடம் இல்லை.

எல்லையில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டு வண்டியை 12 மாதத்துக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால் இங்கே பதிவை மாற்ற வேண்டும். அப்போது எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேலையை ஆரம்பிக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள்.

மறுபடியும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து

பாலக்காட்டு நண்பர் சொன்னது முற்றிலும் சரி. ரோட்டுக்கு வேண்டாம் என்று நான் முடிவெடுத்ததே அதனால்தான். பழைய எஞ்சினையும் இரும்புக் கடைக்குப் போடவில்லை. ஆர்.சி.யில் இருக்கும் நம்பர் அந்த பிளாக்கில்தான் இருக்கிறது. 50 வருடம் கடந்த வண்டியை வின்டேஜ் வண்டியாகப் பதிய 2021இல் விதி வந்தது, ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. நாங்கள் அறுத்த நடுத் தரைத் துண்டைக்கூட வைத்திருக்கிறேன். அதை வைத்துப் பழையபடி ஆக்கினாலும் ஏற்பார்களா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கேட்கப் போகிறேன்.

ரேடியேட்டர் பற்றித் தனியாகக் கேட்டவருக்கு: முன்னால் இடம் போதாததால் பெல்ட் ஃபேனை விட்டு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தேன். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊர் நம்முடையது. ஃபேனுக்கு ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறக்கும் ஸ்விட்ச்) வைத்துத் தனி ஒயர் இழுங்கள். சூடு ஏறினால் ஃபேனைப் போடும் தெர்மோ ஸ்விட்ச் வழியாகவே முழு கரண்ட்டையும் அனுப்பினால் ஸ்விட்ச் கருகும். பழைய டைனமோவும் இதற்குப் போதாது, எஞ்சினோடு வரும் ஆல்டர்னேட்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்மினி பிளாக் விரிசலை வெல்டிங் இல்லாமல், விரிசல் நெடுக உலோக முளைகள் இறக்கும் மெட்டல் ஸ்டிச்சிங் முறையில் தைத்து ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், எந்த இடத்தில் விரிசல், எத்தனை நாள் தாங்கியது என்று எழுதுங்கள். என்னுடையது வாட்டர் ஜாக்கெட் (தண்ணீர் ஓடும் அறை) பக்கம், ஒரு விரல் நீளம்.