மறுமொழி: 'பிரிஸ்கிரைப்டு பயர்' – 'முறைத்தீ' எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

காட்டைப் பேண, முன்பே எழுதிவைத்த வரம்புக்குள் திட்டமிட்டு வைக்கும் தீயை ஆங்கிலத்தில் 'பிரிஸ்கிரைப்டு பயர்' என்கிறார்கள். அதற்கு நம் குழுவில் ஐயா முன்வைத்த 'பரிந்துரைக்கப்பட்ட தீ' எனக்கு ஒப்பவில்லை. பரிந்துரையைக் கேட்பவர் ஏற்கலாம், விடலாம். இங்கே வரம்பு தவறினால் அன்று தீ வைக்கவே கூடாது. இன்னொரு சொல்லான 'கட்டுப்படுத்திய எரிப்பு' என்பது, வைக்கும் முன் எழுதப்படும் அந்த வரம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சபால் பனையும் சா பால்மெட்டோ என்னும் குட்டைப் பனையும் வளரும் காடுகளில் காற்றின் வேகம், திசை, காற்றின் ஈரம், சருகின் உலர்வு ஆகியவற்றுக்கு முன்பே அளவு குறித்துவைத்து, அவை பொருந்தும் நாளில்தான் எரிக்கிறார்கள். எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் 1958இலேயே இது தொடங்கியது. 1990இல் மாநிலம் இதற்கெனச் சட்டமே இயற்றியது. ஒருமுறை எரித்துவிட்டு விடுவதும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, பகுதி பகுதியாகச் சுற்றி வரவேண்டும். விட்டுவிட்டால் காவோலையும் புதரும் சேர்ந்து, அடுத்த தீ உச்சிக்கே ஏறும். பனையினத்தில் பட்டைக்கு அடியில், தண்டைத் தடிக்கச் செய்யும் வளர்படலம் வளையமாக இல்லாததால் அடிமரம் கருகினாலும் பிழைத்துக்கொள்ளும். குருத்து வெந்தால் ஒற்றைத்தண்டுப் பனை போயிற்று.

ஆக, சொல்லுக்குள் விதியும் வேண்டும், சுற்றும் வேண்டும். 'முறை' இரண்டையும் தருகிறது. ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுவது தருமபுரிக்காரர்களுக்குப் புதிதல்ல. யார் வயலுக்கு, எந்த நாளில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதில் அடக்கம். எனவே 'முறைத்தீ'; செயலைக் குறிக்க 'முறையெரிப்பு'. 'முறைத்தீர்' என்று வாசித்துச் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் கண்ட தீக்கெல்லாம் இந்தப் பெயரைச் சூட்ட வேண்டாம். கோடைக்கு முன் வனத்துறையினர் எரித்து ஒதுக்குவது தீத்தடுப்புக் கோடு. அந்தப் பெயரே இருக்கட்டும். கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர் பழங்குடியினர் பருவத் தொடக்கத்தில் வைத்துவந்த 'தரகு பெங்கி', கன்னடம் அறிந்த ஓசூர் நண்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, நேராகவே 'சருகுத்தீ'. அதற்கு எழுத்துத் திட்டம் கிடையாது, பட்டறிவு உண்டு. முறைத்தீயையும் சருகுத்தீயையும் கலந்தால் இரண்டுமே தெளிவிழக்கும். ஆடுமாடு மேய்ச்சலுக்காகப் புல்லைக் கொளுத்திவிட்டு 'முறைத்தீ' என்று யாரும் சொல்லிக்கொள்ளவும் கூடாது. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தீ வைப்பது தமிழ்நாடு வனச் சட்டம் 1882இன்படி குற்றம். ஆகவே விளக்கத்தில் 'அதிகாரம் பெற்றோர்' என்பது கட்டாயம் இருக்கவேண்டும்:

முறைத்தீ: வாழிடப் பராமரிப்புக்காக, எழுதப்பட்ட வானிலை வரம்புக்குள், அதிகாரம் பெற்றோர் சுழற்சியாக வைக்கும் தீ.

அடுத்து, பனைமரத்தைச் சுற்றித் தொங்கும் உலர்ந்த ஓலைத் தொகுதிக்குச் சொல் வேண்டும். ஆங்கிலத்தில் பாவாடை என்கிறார்கள். 'காவோலைத் தொங்கல்' போதுமா? பனையேறிகளிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து