ஃப்ரெஞ்ச்ல லு, லா, லுய், லர்: எந்த இடத்துல எது போடறது?

மாங்கா_பத்தை:
டெல்ஃப் பி1ங்கற ஃப்ரெஞ்ச் பரீட்சைக்கு சென்னைல கிளாஸ் போயிட்டிருக்கேன். இல் (அவன்), எல் (அவள்) எல்லாம் ஓகே, ஆனா அவனை, அவளை, அவனுக்குன்னு வந்தாலே பேனா நின்னுடுது. தமிழ்ல யோசிச்சு, 'ஐ' வந்தா லு (அவனை), லா (அவளை), லே (அவங்களை), 'க்கு' வந்தா லுய் (அவனுக்கு), லர் (அவங்களுக்கு)னு ஒரு கணக்கு வச்சிருக்கேன். அவனைப் பாக்கறேன் = ஜு லு வுவா, அவனுக்கு போன் பண்றேன் = ஜு லுய் தெலெஃபோன், ரெண்டும் சரியா வருது. ஆனா புக்ல 'அவனுக்கு உதவறேன்'க்கு ஜு லெத்னு போட்டிருக்கு. லுய் எங்க போச்சு?? யாராவது சொல்லுங்க ப்ளீஸ்

வெட்டி_ஆபீசர்:
உங்க கணக்கு பாதி தூரம் வரும் ப்ரோ, அதுக்கு மேல கவுத்து விட்டுடும். நீங்க பாக்க வேண்டியது தமிழ் வேற்றுமை இல்ல, அந்த ஃப்ரெஞ்ச் வினைக்குப் பின்னாடி 'ஆ' (à)ங்கற சின்னச் சொல் வருதாங்கறது. பொல்ங்கறவனுக்கு போன் பண்றதுன்னா தெலெஃபோனே ஆ பொல், அதனால லுய். அவனுக்கு உதவறதுன்னா எதே பொல், நடுவுல ஆ கிடையாது, அதனால லு, எத் உயிரெழுத்துல ஆரம்பிக்கறதால அது சுருங்கி லெத்னு ஒட்டிக்கிச்சு. நம்மாளுங்களுக்கு சறுக்கற இடம்னா, நன்றி சொல்ற ருமெர்சியே, காத்திருக்கற அத்தாந்த்ர், இந்த ரெண்டும் எதே மாதிரியேதான், தமிழ்ல 'அவருக்கு', 'அவருக்காக'ன்னு வந்தாலும் இங்க லு. அவன்கிட்ட கேளு (துமாந்தே), அவளோட பேசு (பார்லே), இதுல 'க்கு'வே இல்ல, ஆனா லுய். அப்புறம் லுய்க்கு ஆண் பெண் கிடையாது, அவளுக்கும் அதேதான், லா போட்டுடாதீங்க. வினையை மனப்பாடம் பண்றப்பவே ஆவையும் சேத்து எழுதி வைங்க, வேற வழி இல்ல.

லாசப்பல்_காத்து:
தம்பி, நான் பரிஸில கன வருசமா இருக்கிறன். மேல சொன்னது சரி, ஆனா பான்சே எண்டு ஒண்டு இருக்கு, அதில ஆ இருந்தாலும் லுய் முன்னுக்கு வராது. அவனை நினைக்கிறன் எண்டா ஜு பான்ஸ் ஆ லுய், அவளை எண்டா ஆ எல். ஆளில்லாம ஒரு விசயத்தைப் பற்றி எண்டா ஜீ பான்ஸ், அந்த 'இ' (y)தான் போடவேணும். இன்னொண்டு, இங்க சனம் கதைக்கேக்க லுய்யில ல சத்தம் கனதரம் கேக்காது, 'அவனுக்குச் சொன்னன்' எண்டது 'ஜுய் எ தி' எண்டு வரும், அதைக் கேட்டு அப்பிடியே எழுதிப்போடாதேங்கோ.

மாங்கா_பத்தை:
சூப்பர் அண்ணா, ரெண்டு பேருக்கும் தேங்க்ஸ். ரெண்டு ப்ரோனவுனும் ஒரே வாக்கியத்துல வந்தா எது முதல்ல? 'அவனுக்கு அதைக் குடுக்கறேன்', 'எனக்கு அதைக் குடுக்கறான்' ரெண்டுக்கும் ஒரே வரிசையா?

வெட்டி_ஆபீசர்:
இல்ல, அங்கதான் வேடிக்கையே. மு, து, நு, வு (எனக்கு, உனக்கு, நமக்கு, உங்களுக்கு) எல்லாம் லு, லா, லேக்கு முன்னாடி வரும், லுய், லர் பின்னாடி வரும். அதனால இல் மு லு தொன், ஆனா ஜு லு லுய் தொன். 'குடு'ன்னு கட்டளையா சொன்னா எல்லாம் வினைக்குப் பின்னாடி தாவிடும், மு போய் முவா ஆயிடும்: தொன் லு முவா. 'குடுக்காத'ன்னா மறுபடி முன்னாடியே வந்துடும், நு மு லு தொன் பா. இந்தக் கடைசி ரெண்டையும் வாய் விட்டு சொல்லிச் சொல்லித்தான் பழக்கணும், டேபிள் பாத்துட்டு உக்காந்தா பேசறப்ப வரவே வராது.

லாசப்பல்_காத்து:
வீட்டில கதைக்கேக்க 'லு லுய்' எண்டு ரெண்டையும் சொல்லாம, லுவை விட்டிட்டு லுய்யை மட்டும் சொல்லுற ஆக்கள்தான் கூட. சோதினையில ரெண்டையும் எழுதுங்கோ. லர்ருக்கு முடிவில எஸ் சேர்க்கிற பழக்கம் இருந்தா அதையும் விடுங்கோ, 'அவையின்ர' எண்டு பெயர்ச்சொல்லுக்கு முன்னால வாற லர்ருக்குத்தான் பன்மையில எஸ், 'அவைக்கு' எண்டதுக்கு எப்பவுமே இல்ல.