அப்டேட்: அம்மாவுக்கு வாங்குன 14,000 ரூபா மெத்தை

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, அம்மா முதுகுவலிக்காக 14,000 குடுத்து ஃபோம் மெத்தை வாங்கினோம், 40 டென்சிட்டின்னு கடைக்காரர் சொன்னார், விலை நியாயமான்னு. எடை போட்டுப் பாருன்னு ஒருத்தர் சொல்லியிருந்தீங்க, ரொம்ப நன்றிங்க, அதுதான் கண்ணைத் திறந்துச்சு.

40 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்கணும். நம்ம மெத்தை 6 அடிக்கு 5 அடி, உயரம் 6 இஞ்ச், அதாவது 15 கன அடி, கிட்டத்தட்ட 0.425 கன மீட்டர், அப்போ 17 கிலோவாச்சும் வரணும். தம்பி சுருட்டிக் கயிறு கட்டித் தூக்கிட்டு எடை மெஷின்ல ஏறி நின்னான், அவன் எடைய கழிச்சா உறையோட சேர்த்தே 12.5 தான்! கணக்குப் போட்டா 30 டென்சிட்டி கூட தேறல. அம்மா உக்கார்ற ஓரம் இப்பவே கை வச்சா பள்ளம் தெரியுது.

பில்லோட போனேன். 10 வருஷ வாரண்டி கார்டுல சின்ன எழுத்துல ஒன்னரை இஞ்ச் குழி விழுந்தாதான் மாத்துவோம்னு இருக்கு, ஆனா பில்லுலயே 40னு எழுதியிருந்ததால அவரால மறுக்க முடியல. மேல 3,500 போட்டு 5 இஞ்ச் தேங்காநார் மெத்தை எடுத்தாச்சு. கெட்டியாத்தான் இருக்கு, ஆனா அம்மா மூணு நாளா ராத்திரி எழுந்திரிக்காம தூங்குறாங்க. வாங்கப் போறவங்க தயவுசெஞ்சு டென்சிட்டிய பில்லுல எழுதி வாங்குங்க.